எங்க வீட்டுக்காரவுகளை ரட்சிச்சது யாரு

உக்காருங்க ஐயரம்மா. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. காப்பி குடிப்பீங்கள்லா? வேண்டாம்னாலும் நான் போடத்தான் போறேன். போன ஐயரோட சம்சாரம் நாலு வருஷம் இந்த ஊர்ல இருந்தாக, ஒரு நாள் இந்த வாசப்படி மிதிச்சதில்ல. நீங்க வந்த ரெண்டாம் மாசமே வந்துட்டீங்க. குருவானவர் சம்சாரம்னா இப்படித்தான் நாலு வீடு ஏறி இறங்கணும்.

நல்லவேளை தனியா வந்தீங்க. ஐயர் கூட இருந்தா என்னால இப்படிப் பேச முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில எங்க வீட்டுக்காரவுக, தான் ரட்சிக்கப்பட்ட கதையைச் சபை முன்னால சாட்சியாச் சொல்லப் போறாக, தெரியும்லா? அதைப் பத்தித்தான் ஒரு சின்ன உதவி. சாட்சியில எம்பேரு வரணும். ஐயர் அவுகளைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டம்மா பட்ட பாட்டையும் சேத்துச் சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் கேட்டேன்னு மட்டும் தெரிய வேண்டாம்.

ஏன்னா ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? வேதமணிதான் அவுகளை ரட்சிப்புக்குள்ள நடத்துனாளாம். வேதமணிய உங்களுக்குத் தெரியும், மஞ்சக் காம்பவுண்டு வீடு. என் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. காலையில நம்ம கோயிலுக்கு வருவா, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஓடு போட்ட சபை ஒண்ணு இருக்குல்லா, அங்கயும் போவா. நல்லவதான். நல்லவ இல்லன்னு நான் சொல்லல. பொறாமைன்னு நெனச்சுடாதீங்க, எனக்கு அந்தக் குணமே கெடையாது. உள்ளது உள்ளபடி நாலு பேருக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

நான் ரட்சிக்கப்பட்டது பதினஞ்சு வயசுல. வாலிபப் பிள்ளைங்களுக்குக் கோடை முகாம் வைப்பாங்கள்லா, அதுல. மே மாசம் பதினொண்ணாம் தேதி, சாயங்காலம் ஆறு மணி. இயேசுவை ஏத்துக்கிடுதேன்னு அச்சடிச்ச தீர்மான அட்டை குடுத்தாங்க, பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்டைய இன்னைக்கும் என் வேதத்துக்குள்ள வச்சிருக்கேன். தேதி கேட்டா டக்குன்னு சொல்லுவேன். நம்ம சபையில எத்தனை பேருக்குத் தன் ரட்சிப்பு தேதி தெரியும், சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு அது எதுவும் கெடையாது. பேரு எலியேசர். பேரு மட்டும்தான் வேதத்துல உள்ளது. முன்னால பாத்தீங்கள்லா, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை, அதுதான் அவுக உலகம். கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை, புது வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு வருவாக. வந்தாலும் பின்னால செருப்பு கெடக்குற எடத்துப் பக்கம் நிப்பாக. குடி கெடையாது, பீடி கெடையாது, ஒருத்தரை ஒரு சொல் சொல்ல மாட்டாக. அதுதான் கஷ்டமே. குடிச்சிருந்தாக்கூட மனந்திரும்புறதுக்கு ஒரு தோது இருந்திருக்கும். ஒரு குத்தமும் இல்லாத மனுஷன்கிட்டப் போய் நீ பாவின்னு எப்படிச் சொல்ல? ஆனாலும் நான் சொன்னேன். கல்யாணமான மறுவாரத்துல இருந்து சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷம் ஐயரம்மா. சும்மாவா? தோட்டந்தோட்டமா மோட்டார் மாட்டப் போறப்போ, சாப்பாட்டு வாளியில தோசைக்கு மேல வசனம் எழுதின துண்டுச்சீட்டு வைப்பேன். எண்ணெய் பட்டு எழுத்து அழிஞ்சு போகுதுன்னு பிறகு பிளாஸ்டிக் பையில போட்டு வச்சேன். தலையணைக்கு அடியில வேதத்தை வைப்பேன். கழுத்து வலிக்குன்னு எடுத்து மேசையில வச்சுருவாக. பெண்கள் சங்கத்துல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு கேப்பாங்கள்லா, நான் ஒரே குறிப்புதான் குடுப்பேன். 'என் கணவர் எலியேசர் ரட்சிக்கப்படணும்.' காரியதரிசி என்னைக் கேக்கக்கூட மாட்டா, தானா எழுதிக்கிடுவா. தெருவுல சின்னப் பிள்ளைங்க கூட அவுகளைப் பாத்தா, 'இன்னும் ரட்சிக்கப்படாத மாமா'ன்னு சொல்லும். அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. நான் வச்ச அடிக்கு மலையே நகர்ந்திருக்கணும்.

என் நம்பிக்கை என்னன்னா, ஆண்டவர் மனுஷனுக்குச் சுயாதீனம் குடுத்திருக்காரு. வேணும்னா வேணும்னு சொல்லணும், வேண்டாம்னா வேண்டாம். யாரையும் கழுத்தைப் பிடிச்சு மோட்சத்துக்குள்ள தள்ள மாட்டாரு. தீர்மானம் நம்ம கையில. இதை நான் எத்தனை வேதபாடத்துல அடிச்சுச் சொல்லியிருக்கேன் தெரியுமா.

சரி, ஒண்ணு நடந்துச்சு, அதையும் நானே சொல்லிருதேன். எப்படியும் உங்க காதுக்கு வந்திருக்கும். வருஷா வருஷம் பந்தல் போட்டு நடத்துற கன்வென்ஷன் கூட்டம், கடைசி நாள். கெஞ்சிக் கூத்தாடி அவுகளைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பிரசங்கியார் முடிக்கையில, எல்லாரும் கண்ணை மூடுங்க, தீர்மானம் எடுக்கிறவங்க கையை உயர்த்துங்கன்னாரு. நான் ஒரு கண்ணை லேசாத் திறந்து பாத்தேன். அவுக கை முழங்கால் மேல கெடக்கு, அசையவே இல்ல. ஒரு நிமிஷம் பாத்தேன், ரெண்டு நிமிஷம் பாத்தேன். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துட்டு. என்னால தாங்க முடியல. மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கிட்டேன். மேடையில இருந்து, 'கண்டேன், அந்தச் சகோதரனைக் கண்டேன்'ன்னு சத்தம் வருது. இவுக கையை வெடுக்குன்னு இழுத்து, 'எப்சி, என் கைய விடு'ன்னுட்டாக. நாலு வரிசைக்குக் கேட்டுச்சு.

சிரிக்காதீங்க ஐயரம்மா. அப்புறம் மூணு வருஷம் அவுக கன்வென்ஷன் பந்தல் பக்கமே வரல.

அப்பத்தான் வேதமணி புதுசாக் கல்யாணமாகி வந்திருந்தா. ஒன்பது வருஷம் இருக்கும். வந்த நாள்ல இருந்தே அவளுக்கும் எனக்கும் இந்த விஷயத்துல ஒத்து வரல. அவ சபையில என்ன சொல்லிக் குடுக்காங்கன்னா, மனுஷனால ஒண்ணும் ஆகாது, ஆவியானவர் உள்ள வந்து அசைச்சாத்தான் உண்டு. விரும்புற விருப்பமே அவர் குடுக்கிறதுதானாம். நான் விடுவேனா. 'கிணத்துல விழுந்தவனுக்கு மேல இருந்து கயிறு போட்டா, அவன் எட்டிப் பிடிக்கணும்ல. பிடிக்க மாட்டேன்னு கையக் கட்டிட்டு இருந்தா கயித்து மேலயா குத்தம்?'னு கேட்டேன். வேதபாடத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் தலையாட்டிட்டாங்க. இவ மெதுவா, மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி, 'விழுந்தவன் மயங்கிக் கெடந்தா எப்படிக்கா பிடிப்பான்? யாராவது உள்ள இறங்கித்தான தூக்கணும்'ங்கா. உடனே அதே பொம்பளைங்க அதுக்கும் தலையாட்டுதாங்க. சவம், எதுக்கும் தலையாட்டுவாங்க.

ஒரு நாள் கேட்டே விட்டா. 'அக்கா, எல்லாம் அவரவர் சித்தம்ங்கீங்க. அப்ப அன்னைக்குப் பந்தல்ல அத்தான் கையத் தூக்குனது யாரு சித்தம்?' எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி ஆயிட்டு. ஆறு மாசம் அவ வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. போன ஐயர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன், யாரு சொல்லுதது சரின்னு. ரெண்டும் சத்தியந்தாம்மான்னு சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. படிச்சவங்க எப்பவும் ரெண்டும்னுதான் சொல்லுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். நம்ம கோயில் அசனம் நீங்க இன்னும் பாக்கல. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே கோயில்ல உக்காந்து சாப்பிடும். ஜாதி, வீடு, பெரியவன், சின்னவன் எதுவும் கெடையாது, ஒரே பந்தி. சாமி கும்பிட வராத எங்க வீட்டுக்காரவுக அசனத்துக்கு மட்டும் மொத ஆளா வந்துருவாக. அடுப்பு வெட்டுறது, அண்டா மாதிரி இருக்க வார்ப்பைத் தூக்கி அடுப்புல ஏத்துறது எல்லாம் அவுகதான். முந்தின நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் காய்கறி வெட்டு. அன்னைக்குச் சின்ன உள்ளி, அதான் வெங்காயம், உரிக்க ஆள் பத்தல. இவுக போய் உக்காந்திருக்காக. எதிர்ல வேதமணி.

நான் எங்க இருந்தேன்னு நெனைக்கீங்க? கோயிலுக்குள்ள. பீடத்துக்கு முன்னால. அவுக ரட்சிப்புக்காக முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்குது, இந்தப் பக்கம் நான் அதையே ஆண்டவர்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

வெளிய வந்து பாத்தா அவுக அழுதுகிட்டு இருக்காக. தோள்துண்டை வச்சுத் துடைக்காக, திரும்பவும் வருது. நான் என்ன நெனைப்பேன்? உள்ளி உரிச்சா யாருக்குத்தான் கண்ணுல தண்ணி வராது? 'எந்திரிச்சுப் போய் மூஞ்சக் கழுவுங்க, காரம் ஏறிட்டு'ன்னேன். எந்திரிக்காம உரிச்சுக்கிட்டே இருந்தாக. வேதமணி குனிஞ்சுக்கிட்டா. நான் போய் கத்தரிக்காய் எடுத்து வெட்ட ஆரம்பிச்சுட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல. மறுநாள் அசனத்துல எல்லாருக்கும் பரிமாறுனாக, தான் ஒரு வாய் வைக்கல. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நான் சேலை கட்டிக்கிட்டு இருக்கேன், வெள்ளை வேட்டி சட்டையில வந்து நிக்காக. 'எப்சி, நானும் வாரேன்.' இருபத்திரண்டு வருஷத்துல நான் கூப்பிடாம ஆராதனைக்கு வந்தது அதுதான் மொதத் தடவை. மூணாவது வரிசையில போய் உக்காந்தாக. பாவ அறிக்கை ஜெபம் சொல்லுறப்போ அவுக குரல் உடைஞ்சு போச்சு. சபையே திரும்பிப் பாக்குது. எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம இருக்குமா? ஆனா பாருங்க, உள்ளி உரிச்ச எடத்துல இருந்த பொம்பளைங்க பரப்பிட்டாங்க போல, ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் போய் வேதமணி கையைப் பிடிச்சுக் குலுக்குதாங்க. என்கிட்ட வந்தது காரியதரிசி ஒருத்திதான். 'இனி உங்களுக்கு வேற குறிப்பு எழுதணும்லா'ன்னு கேட்டுட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சும்மா கேக்கல, சோறு போடாமக் கேட்டேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கன்னு. காலித் தட்டைத் தள்ளி வச்சாக. பிறகு சொன்னாக. உள்ளி உரிச்சுக்கிட்டு இருக்கையில, கோயிலுக்குள்ள நான் ஜெபம் பண்ற சத்தம் கேட்டுச்சாம். எலியேசர், எலியேசர்னு எம்புட்டு தடவை. அப்ப அவுக வேதமணிகிட்டக் கேட்டிருக்காக. 'இவ்வளவு நாளா எல்லாரும் தீர்மானம் எடு, தீர்மானம் எடுங்காங்க. எனக்கு அந்த விருப்பமே வர மாட்டேங்குதே. விருப்பம் இல்லாதவன் என்ன செய்யணும்?' அதுக்கு அவ, 'அந்த விருப்பத்தையும் அவர்கிட்டயே கேளுங்க அத்தான்'னு சொல்லிட்டு அடுத்த உள்ளிய எடுத்துக்கிட்டாளாம். அவ்வளவுதான். அப்படியே உக்காந்த எடத்துல மனசுக்குள்ள கேட்டாகளாம். ஏதோ கட்டு அவுந்த மாதிரி இருந்துச்சாம்.

ஒரே ஒரு வாக்கியம் ஐயரம்மா. நான் இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். தோசைக்கு வசனம் எழுதியே நாலு நோட்டு தீந்திருக்கு. இவ உள்ளி உரிச்சுக்கிட்டே ஒரு வாக்கியம் சொன்னா, முடிஞ்சுது. வயிறு எரியுமா எரியாதா? உழுதது நான், விதைச்சது நான், தண்ணி பாய்ச்சுனது நான். அறுத்துக் கட்டித் தலையில தூக்கிட்டுப் போறது அவ.

அதைவிட எனக்குப் பொறுக்காதது ஒண்ணு இருக்கு. அந்தக் கேள்விய ஏன் என்கிட்டக் கேக்கல? பக்கத்துலயே படுத்துக் கெடக்கேன். விருப்பம் வரலன்னு அவ்வளவு நாளா மனசுக்குள்ள ஒரு பாரம் இருந்திருக்கு, கட்டுன பொண்டாட்டிக்குத் தெரியல, தம்பி பொண்டாட்டிக்குத் தெரியுது. நேராவே கேட்டேன், 'என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?'ன்னு. அதுக்கு என்ன சொன்னாக தெரியுமா? 'நீ பேச்சை நிறுத்துனாத்தான எப்சி நான் கேக்க முடியும்.' கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொன்னாக. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

வேதமணி வீட்டுக்கே போயிட்டேன். வாசல்ல நின்னுக்கிட்டே, 'எங்க வீட்டுக்காரவுகளை நீதான் நடத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே'ன்னு கேட்டேன். 'நான் என்னக்கா செஞ்சேன்? ஆவியானவர் செஞ்சாரு. நீங்க இவ்வளவு காலம் ஜெபம் பண்ணலியா'ங்கா. பாத்தீங்களா தந்திரத்தை? தனக்குன்னு அவ எடுத்துக்கிட்டான்னா நான் சண்டை போட்டுப் பிடுங்கலாம். அவ எடுக்கவே இல்லையே, எதைப் பிடுங்க? ஆவியானவர் செஞ்சார்னு அவரு மேல போட்டுட்டா. இப்ப நான் யாருகூடச் சண்டைக்குப் போக?

ஆமா, அவரு மேலயும் எனக்கு வருத்தம்தான். ஐயரம்மாகிட்ட மறைப்பானேன். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதவரு, அவ கூப்பிடாமலே சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிக்காரு.

காப்பி ஆறுது, குடிங்க. சீனி போதுமா?

இப்ப அவுக அன்னாடம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுருவாக. முன்கடையில, அந்தக் காயில் கம்பிச் சுருளுக்கு நடுவுல, ஒரு கோணிச்சாக்கை விரிச்சு முழங்கால் போடுவாக. ஜெபம்னா பெருசா வார்த்தை கெடையாது. கொஞ்ச நேரம் சும்மா இருப்பாக, பிறகு அழுவாக. துக்கத்துல அழுற அழுகை இல்ல. எப்படிச் சொல்ல, ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த ஆளு அழுற மாதிரி இருக்கும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். தெனமும் நிப்பேன். முப்பத்திரண்டு வருஷம் நான் ரட்சிக்கப்பட்டு. சங்கத்துல நான் ஜெபம் ஆரம்பிச்சா இருபது நிமிஷம் நிறுத்தாமப் பண்ணுவேன். ஆனா அந்த அழுகை எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. முகாம்லயும் வரல. பக்கத்துல இருந்த பிள்ளைங்க எல்லாம் அழுதுச்சு, நான் சுத்திச் சுத்திப் பாத்துட்டு அட்டையில கையெழுத்துப் போட்டேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப ஏன் சொன்னேன்னு தெரியல.

பொறாமைதான். சரி, சொல்லிட்டேன். வேதமணி மேல இல்ல. அவ கெடக்கா.

போன செவ்வாக்கிழமை நடந்ததைச் சொல்லுதேன், பிறகு நீங்க கெளம்புங்க. அன்னைக்கும் கதவுகிட்ட நிக்கேன். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி ஜெபம் பண்ணிக்கிட்டு வாராக. சென்னையில இருக்க எங்க மக பேரு, தம்பி பேரு, மோட்டார் குடுத்துட்டு வாங்காமப் போன ஒரு ஆளு பேரு. அடுத்தது எம்பேரு வரும்னு எனக்குத் தெரியும். காதை வச்சுக்கிட்டு நிக்கேன். இவளை எனக்குக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம், இவ ஜெபத்தைக் கேட்டதுக்கு ஸ்தோத்திரம், இப்படி ஏதாவது வரும்லா? மனுஷன்னா நன்றி இருக்கணும்லா?

'ஆண்டவரே, எனக்குத் தந்ததை எப்சிக்கும் தாரும்'னாக.

எனக்கா? எனக்கு என்ன இல்லன்னு கேக்காக? நேத்து உள்ள வந்த மனுஷன், முப்பத்திரண்டு வருஷமா உள்ள இருக்கிறவளுக்காகக் கேக்காக. கதவைத் தள்ளிட்டுப் போய்ச் சண்டை போடணும்னு வந்துச்சு. கையைக் கதவுல வச்சுட்டேன். ஆனா அதுக்கப்புறம் அவுக அழுதாக. எம்பேரைச் சொல்லிட்டு அழுதாக. யாரும் எம்பேரைச் சொல்லி அழுததில்ல ஐயரம்மா. எங்க அம்மாகூட. நான் சத்தம் போடாம அடுக்களைக்கு வந்து பாலை அடுப்புல வச்சேன், பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியல.

கெளம்பிட்டீங்களா? நேரமாச்சுதான். சாட்சி விஷயம், அது கெடக்கட்டும், ஐயர்கிட்டச் சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க. வந்த வீட்டுல ஜெபம் பண்ணாமப் போவாகளா? என்ன குறிப்புன்னு கேக்கீங்களா.

இருங்க, இந்தக் கதவைச் சாத்திட்டு வாரேன்.

எம்பேரைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்னன்னு அவருக்குத் தெரியும். ஆனா மெதுவாச் சொல்லுங்க ஐயரம்மா. அவுக முன்கடையிலதான் உக்காந்திருக்காக. காதுல விழுந்துச்சுன்னா, தன் ஜெபத்தாலதான் எனக்குக் கெடைச்சுதுன்னு நெனச்சுருவாக.